மண்ணெண்ணெய் டின்னில் ஒரு செம்பருத்தி

செம்பருத்தி இலையை அரைத்த வழவழப்பு விரலிடுக்கில் ஒட்டிக்கொண்டால் சோப்புப் போட்டு இரண்டு முறை கழுவினாலும் போகாது. பச்சைப் புல்லும் ஈர மண்ணும் கலந்தது போன்ற அந்த வாசனை, என் பத்தாவது வயதின் கோடை முழுவதும் தாம்பரத்தில் எங்கள் வீட்டு அம்மிக்கல்லிலிருந்து வந்துகொண்டே இருந்தது.

அந்த ஆண்டு டைபாய்டு காய்ச்சலில் படுத்து எழுந்த என் அக்கா ஸ்டெல்லாவுக்குத் தலைமுடி கொத்துக் கொத்தாகக் கொட்டிப்போனது. மிச்சமிருந்ததை அம்மா ஒட்டக் கத்தரித்துவிட்டாள். ஜூனில் பள்ளி திறந்தால் அவள் எஸ்.எஸ்.எல்.சி. வகுப்பு. முடி வளராமல் வாசற்படி தாண்டமாட்டேன் என்று அக்கா சொல்லிவிட்டாள், பள்ளிக்கூட வாத்தியாரான அப்பாவோ, "ஒரு வருஷம் நின்னா நின்னதுதான். அப்புறம் மாப்பிள்ளை பாத்துட வேண்டியதுதான்" என்று சொல்லிவிட்டார். இரண்டுக்கும் நடுவில் அம்மா நம்பியது, முடி வளரத் தலையில் தேய்க்கும் செம்பருத்தி இலை "அரைப்பை" மட்டும்.

செடியை வெளியே வைத்தால் பின்தெரு ஆடுகள் விட்டுவைக்காது. அதனால் அது ஒரு மண்ணெண்ணெய் டின்னில், அப்பா ஆணியால் அடித்த ஐந்து ஓட்டைகளோடு, முன்னறையின் கிழக்கு ஜன்னலோரம் வளர்ந்தது. வீட்டுக்குள் செம்பருத்தியை வாழவைப்பது லேசான காரியமில்லை. வெளிச்சத்தைத் தேடி ஒரே பக்கமாகச் சாயும், தினமும் டின்னைக் கால்வட்டம் திருப்ப வேண்டும். மேல்மண் காயும் முன் தண்ணீர் விட்டால் இலை மஞ்சளாகும். "தாகம் எடுத்தா அதுவே தலையைத் தொங்கப்போடும், நீ ஊத்தி ஊத்திக் கொல்லாதே" என்று அம்மா கத்துவாள். காற்று குறைந்தால் "மாவுப்பூச்சி" பஞ்சுபோல் காம்புகளில் அப்பிக்கொள்ளும். சோப்புத் தண்ணீரில் நனைத்த துணியால் ஒவ்வோர் இலையின் அடிப்பக்கத்தையும் துடைப்பது என் வேலை. துடைக்கும்போதே எண்ணுவேன். அறுபத்திரண்டு இலையில் தொடங்கினேன். எண்ணும் வியாதி எனக்கு அப்போது வந்ததுதான்.

வாரத்துக்கு இரண்டு அரைப்பு, ஓர் அரைப்புக்கு எட்டு இலை. துளிர்ப்பதைவிடப் பறிப்பது வேகமாக இருந்தது. மே மாதக் கடைசியில் செடியில் ஏழு இலைகள்தான் நின்றன. அக்காவின் தலையில் அரை அங்குல முடி. அம்மா மறுபடியும் பறிக்கக் கை நீட்டியபோது அக்கா டின்னைக் கட்டிக்கொண்டாள்.

"விடும்மா. அதுக்கும் டைபாய்டு வந்த மாதிரி நிக்குது."

"உன் தலைக்குத்தானேடி?"

"ஒரு வீட்டுக்கு ஒரு மொட்டை போதும்."

அன்றிலிருந்து செடி அவள் பொறுப்பு. உள்ளே வெயில் போதவில்லை என்று காலையில் ஒரு மணி நேரம் அதை வாசலில் வைப்பாள்; பழைய துண்டை முக்காடாகப் போட்டுக்கொண்டு ஜன்னல் கம்பிக்குப் பின்னால் காவல் இருப்பாள். பள்ளி திறக்க மூன்று நாள் இருக்கையில் ஒரு கறுப்பு ஆடு வந்து டின்மேல் வாயை வைத்தது. அக்கா கத்திக்கொண்டு ஓடினாள். முக்காடு ஜன்னல் கொக்கியில் மாட்டி வீட்டிலேயே நின்றுவிட்டது. அடிபம்பு வரை ஆட்டைத் துரத்திக்கொண்டு போனவள், அங்கே குடங்களோடு நின்ற ஒன்பது பெண்களைக் கண்ட பிறகுதான் தலையைத் தொட்டுப் பார்த்தாள்.

ஆட்டுக்காரி கன்னியம்மா முதலில் வாயைத் திறந்தாள். "இன்னா பாப்பா, கிராப்பு வெட்டிக்கினியா? சோக்காதான் கீது."

"முதல்ல உங்க ஆட்டைக் கட்டுங்கக்கா! அஞ்சு இலையைத் தின்னுடுச்சு."

"அஞ்சு எலைக்கா இந்த ஓட்டம் ஓடியாந்தே? பேஜாரா கீதே உன்னோட!"

பம்படியே சிரித்தது. கொஞ்சம் பொறுத்து அக்காவும் சிரித்தாள்.

வீட்டுக்கு வந்தவள் கொக்கியிலிருந்து துண்டை எடுத்து மடித்துக் கொடியில் போட்டாள். "எல்லாரும் பாத்தாச்சு. இனிமே என்ன" என்றாள். பள்ளி திறந்த அன்று வெறுந்தலையோடு கிளம்பினாள். அப்பா சைக்கிளைத் துடைத்து அவளைப் பின்னால் ஏற்றிக்கொண்டார். ஆடு கடித்த இடங்களுக்குக் கீழே செம்பருத்தி பக்கத்துக்கொரு கிளை விட்டு, ஆகஸ்டில் நூற்றுப் பதினான்கு இலைகளோடு நின்றது.

அந்தத் தெருவில் இப்போது பம்பு இல்லை, ஆடு இல்லை, எங்கள் வீடும் இல்லை. நான் நாவலூரில் மகனோடு ஒன்பதாவது மாடியில் இருக்கிறேன். கீழ்க்கட்டளையில் இருந்த அக்கா தன் செடியில் வெட்டித் தந்த குச்சி, இங்கே கண்ணாடிக் கதவோரம் தொட்டியில் வளர்கிறது. ஏ.சி. காற்றுக்கு மொட்டு உதிர்கிறது. மாவுப்பூச்சி மட்டும் இவ்வளவு உயரம் எப்படி ஏறி வந்ததோ தெரியவில்லை. ஞாயிறு பூசை முடிந்ததும் அக்கா போன் செய்வாள், உடம்பு எப்படி என்று கேட்கமாட்டாள், "எத்தனைடா?" என்றுதான் தொடங்குவாள். மஞ்சள் இலையைச் சேர்ப்பதா கூடாதா என்பதில் எங்களுக்குள் கடைசி வரை தகராறு. செடியில் நிற்கிற வரை அது இலைதான் என்பாள் அவள். நான் சேர்க்கமாட்டேன்.

இந்தத் தவக்காலத்தில் அவள் இறந்துபோனாள். கல்லறையில் எனக்கு அழுகை வரவில்லை, இதுவரையும் வரவில்லை. இன்று ஞாயிறு. துணியை நனைத்து ஒவ்வோர் இலையாகத் துடைத்தேன். பச்சை முப்பத்தெட்டு, மஞ்சள் ஒன்று.

முப்பத்தொன்பது.