என் கைக்கு உரிய அடி

என் எழுத்து வரி பிடித்து நிற்காது, சாய்ந்துகொண்டே போகும். எந்த ரகரம் எங்கே வரும் என்பதில் இன்றும் எனக்குத் தடுமாற்றம் உண்டு. ஐந்தாம் வகுப்பைக்கூட முழுதாக முடிக்காதவன் எழுதியது என்று நினைத்துப் பிழைகளைப் பொறுத்துக்கொள்ளுங்கள். வாயால் சொல்ல முடிந்திருந்தால் பேனாவை எடுத்தே இருக்க மாட்டேன். நாலு பேர் கூடிய இடத்தில் எனக்குப் பேச்சு வராது. நெசவு வேலைக்கு அது ஒரு குறையாக இருந்ததில்லை.

சில நாட்களுக்கு முன் என் கடைசி மகன் படிக்கிற பள்ளிக்கூடத்தில் பெற்றோரைக் கூப்பிட்டிருந்தார்கள். பிள்ளைகள் அடங்குவதில்லை, பிரம்பை எடுக்கலாமா வேண்டாமா என்று நீங்களே சொல்லுங்கள் என்றார் தலைமையாசிரியர். பஜாரில் கடை வைத்திருக்கும் ஒருவர் எழுந்து, "கண்ணு ரெண்ட மட்டும் எங்களுக்கு விட்ருங்க சார், மத்ததெல்லாம் ஒங்களுக்குத்தான்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். பிள்ளையைப் பள்ளியில் சேர்க்கும்போது தகப்பன் வழக்கமாகச் சொல்லுகிற பேச்சு அது. ஒவ்வொருவராக அதையே சொன்னார்கள். என் முறை வந்தபோது எழுந்து நின்றேன். தரையைப் பார்த்தேன். உட்கார்ந்துவிட்டேன்.

என் அப்பாவும் ஒரு நாள் வாத்தியார் முன்னால் நின்று அதே பேச்சைச் சொன்னார். ஆனால் கொஞ்சம் மாற்றிச் சொன்னார்.

அது இரண்டாவது உலகச் சண்டைக்காலம். நூல் கட்டுப்பாட்டில்தான் கிடைக்கும். கிடைத்த நூலில் ஓர் இழை வீணாகக் கூடாது. அருப்புக்கோட்டையில் எங்கள் தெரு முழுக்க நெசவு வீடுகள். பாவு ஆற்றுவது என்று ஒரு வேலை உண்டு. தறியில் ஏறுவதற்கு முன் நூலைத் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டி, கஞ்சி தடவி, நார்த் தூரிகையால் நீவிக் காய வைப்பது. வெயில் ஏறுவதற்குள் முடித்தாக வேண்டும். நீவும்போது இழைகள் அறும். ஈரம் இருக்கும்போதே அறுந்த நுனிகளைத் தேடிப் பிடித்து முறுக்கி ஒட்ட வேண்டும். காய்ந்துவிட்டால் நுனி எங்கே போனதென்று தெரியாது. அதற்குச் சின்ன விரல்கள்தான் தோது. எங்கள் வீட்டில் சின்ன விரல்கள் என்னுடையவை.

எனக்குப் படிப்பு வந்தது. ஐந்தாம் வகுப்பு முடித்தால் பெரிய பள்ளிக்கூடத்தில் ஆறாம் வகுப்புக்குப் போகலாம் என்ற ஆசை இருந்தது. வீட்டில் நாங்கள் தெலுங்கு பேசுகிறவர்கள். அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவோம். நைனா ஒரே ஒரு நிபந்தனை போட்டார். பாவுக்கு இடைஞ்சல் வராத வரைக்கும் படி. என்றைக்கு இடைஞ்சல் வருகிறதோ அன்றைக்கு நிறுத்து.

ஐந்தாம் வகுப்பு வாத்தியார் புதிதாக மாற்றலாகி வந்தவர். சைக்கிளில் வருவார். புளிய விளாரும் உருண்டையான ரூல்தடியும் எப்போதும் அவர் மேசைமேல் இருக்கும். பாவு இருக்கிற காலைகளில் நான் பிந்தித்தான் வருவேன், விரல்களில் கஞ்சி காய்ந்து வெள்ளையாக இருக்கும். முதல் தடவை பிந்தி வந்ததற்கே உள்ளங்கையில் அடித்தார். அன்று சாயங்காலம் நைனா என் கையைப் பிடித்துப் பார்த்தார். மறுநாள் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு என்னோடு பள்ளிக்கூடத்துக்கு வந்தார்.

"அய்யா, கை ரெண்ட மட்டும் எனக்கு விட்ருங்க. பாவுக்கு வேணும். மத்த எடத்துல தோல உரிச்சாலும் நான் ஏன்னு கேக்க மாட்டேன்."

வாத்தியார் கோபப்படவில்லை. அப்போதே எனக்குப் பயமாக இருந்தது. நைனாவை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "கண்ணு வேண்டாமாக்கும்?" என்று கேட்டார். பையன்கள் சிரித்தார்கள். நைனாவும் மரியாதைக்காகக் கொஞ்சம் சிரித்துவிட்டுக் கும்பிட்டுப் போனார்.

அதன்பிறகு என் கையில் அடி விழவில்லை. கெண்டைக்காலில் விழுந்தது. முற்றத்துச் சரளையில் வெயிலில் முழங்காலிட்டு, இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்கியபடி இருக்க வேண்டும். "கையப் பத்திரமா மேல வச்சுக்க, அடி படாம" என்பார் வாத்தியார். கை தாழ்ந்தால் முதுகில் விளார் விழும். பையன்கள் எனக்குத் தறிக்கையன் என்று பேர் வைத்தார்கள்.

இதோடு நின்றிருந்தால் நான் ஐந்தாம் வகுப்பை முடித்திருப்பேன். கால் வலியோடும் பாவு பார்க்கலாம்.

எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன் திருச்சுழிப் பாதையில் உள்ள ஒரு கிராமத்திலிருந்து நடந்து வருகிறவன். அவர்கள் வீட்டில் ஆடு வளர்த்தார்கள். நான் அவனுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுப்பேன். அவன் மடியில் கட்டிக்கொண்டு வரும் வறுத்த சோளத்தில் எனக்குப் பாதி. ஒரு நாள் நான் பிந்தி வந்தபோது வாத்தியார் ரூல்தடியை எடுத்தார். என் கையைப் பார்த்தார், யோசிக்கிற மாதிரி நின்றார். பிறகு அவனைக் கூப்பிட்டார்.

"இவன் கை இவங்கப்பன் கேட்டு வாங்கிட்டுப் போன கை. இவன் கைக்கு உள்ள அடிய என்ன செய்யிறது? நீ பக்கத்துலதான ஒக்காந்திருக்க. நீட்டு."

அவன் நீட்டினான். விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்து முதல் அடிக்குச் சிரித்தான்.

நான் பிந்தி வருகிற நாளெல்லாம் இது நடந்தது. கால் அடி எனக்கு, கை அடி அவனுக்கு. பாவு எந்த நாள் வரும் என்பது என் கையில் இல்லை. நூல் வருகிற நாளில் வரும். நான் வாசலுக்கு வருவதற்கு முன்பே அவன் உள்ளங்கையைத் தொடையில் தேய்த்துக்கொண்டு இருப்பான். சோளம் கொடுப்பதை நிறுத்தினான். பிறகு பேச்சை நிறுத்தினான். ஒரு நாள் பள்ளி விட்டதும் முள்வேலி ஓரமாக என்னை மறித்துக் கீழே தள்ளி மிதித்தான்.

"ஏலே, இந்தக் கைய வச்சு என்னால ஆட்டு மடியப் பிடிக்க முடியல. எங்கம்மா சோத்தக் குடுக்காம வையிறா. ஒங்க நைனாகிட்டச் சொல்லு, எனக்கும் கை எங்கய்யா பெத்ததுதான்னு."

மிதிக்கும்போது என் கைமேல் கால் படாமல் பார்த்து மிதித்தான். அதற்கும் சேர்த்துத் தனக்குத்தான் விழும் என்று பயந்தானோ என்னவோ.

நைனாவிடம் சொன்னேன். அடுத்தவன் பிள்ளைக்கு நாம் என்ன செய்ய முடியும், உன் கை நன்றாக இருக்கிறதல்லவா என்று கேட்டார். கேட்டுவிட்டுத் தறிக்குழியில் இறங்கிவிட்டார்.

அடுத்த பாவு வந்தது. நான் பிந்திப் போனேன். வாத்தியார் அவனைக் கூப்பிடுவதற்குள் முன்னால் போய் என் வலது கையை நீட்டினேன். ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். வாய் வரவில்லை. நீட்டிக்கொண்டே நின்றேன்.

"ஒங்கப்பன் திட்டுவானே?" என்றார் வாத்தியார். நான் கையை மடக்கவில்லை. அவர் என் கையைப் பிடித்து மெதுவாகப் புறங்கை மேலாகத் திருப்பினார். உள்ளங்கையில் அடிப்பார் என்றுதான் நினைத்திருந்தேன். விரல் மொளிகளில் ரூல்தடி இறங்கியது. இத்தனை நாளும் மிச்சம் வைத்ததை ஒரே நாளில் கொடுத்து முடித்தார். நடுவிரலில் ஏதோ நொறுங்கியது எனக்குக் கேட்டது. வகுப்பில் யாரும் சிரிக்கவில்லை. ஆட்டுக்காரப் பையன் மட்டும் தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அன்று வீட்டில் கையை மறைத்து வைத்திருந்தேன். மறுநாள் காலையிலும் தெருவில் பாவு, பக்கத்து வீட்டுக்காரருடையதும் சேர்த்து. விடிவதற்கு முன்னே கஞ்சி தடவியாகிவிட்டது. என் விரல்கள் வீங்கி ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன. நுனிகள் கண்ணுக்குத் தெரிந்தன, பிடிக்க முடியவில்லை. இடது கையால் பிடித்துப் பல்லால் இழுத்துப் பார்த்தேன். இழை வாயோடு வந்தது. வெயில் ஏறியது. கஞ்சி காய்ந்து அறுந்த இழைகள் பக்கத்து இழைகளோடு ஒட்டிக்கொண்டன. தறியில் ஏறினால் அடிக்கு அடி அறும் என்று பார்க்கிறவர்களுக்கெல்லாம் தெரிந்தது.

நைனா வந்து என் கையைத் தூக்கிப் பார்த்தார். யார் அடித்தது என்று கேட்கவில்லை. நான் நீட்டித்தான் வாங்கினேன் என்பதை என் முகத்திலேயே கண்டுகொண்டார் போலிருக்கிறது. பாவுக்குள் செருகியிருந்த மூங்கில் குச்சி ஒன்றை உருவி, நடுத்தெருவில் என்னை அடித்தார். தோளில், முதுகில், கண்ட இடத்தில்.

அப்போது வாத்தியார் சைக்கிளில் அந்த வழியாக வந்தார். ஒரு காலைத் தரையில் ஊன்றி நின்று கொஞ்ச நேரம் பார்த்தார்.

"கையில படாம அடிய்யா. பாவுக்கு வேணும்ல."

"சரிங்கய்யா" என்றார் நைனா. சொன்னபடியே குனிந்து காலில் அடித்தார்.

இதை எழுதும்போதுகூட எனக்கு அந்த அடி வலிக்கவில்லை. அந்தச் "சரிங்கய்யா"தான் வலிக்கிறது. இரண்டு பெரியவர்கள் என்மேல் எந்த இடம் யாருக்கு என்று பேசி முடித்துக்கொண்ட மாதிரி இருந்தது.

நாளையிலிருந்து இவன் வரமாட்டான் என்று நைனா சொன்னார். வாத்தியார் தலையை ஆட்டிவிட்டு மணி அடித்துக்கொண்டு போனார்.

ஆட்டுக்காரப் பையன் ஒரு முறை எங்கள் தெருவுக்கு வந்தான். நான் தறிப்பக்கம் இருந்தேன். சன்னலுக்கு வெளியே நின்று சொன்னான், "இப்ப எனக்குள்ள அடி மட்டுந்தாம்லே எனக்கு." சந்தோஷமாகத்தான் சொன்னான். நானும் அதற்குச் சந்தோஷப்பட்டேன் என்றுதான் நினைக்கிறேன்.

நடுவிரல் கோணிக்கொண்டே ஆறியது. தறியில் கயிறு இழுக்க அதனால் ஒரு இடைஞ்சலும் இல்லை. பேனா பிடிக்கத்தான் இடைஞ்சல்.

அந்தக் கூட்டத்தில் எனக்குச் சொல்லத் தெரியாமல் போனது இதுதான். என் பிள்ளையை அடிக்காதீர்கள் என்றால் அது இன்னொருவன் பிள்ளையின் கையில் போய் விழும். எனக்குத் தெரியும். என் பிள்ளையை அடியுங்கள் என்று சொல்ல என்னால் ஆகாது. இந்த இரண்டில் எதைச் சொல்வது என்று நின்றபோதுதான் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

நேற்று பள்ளியிலிருந்து வந்த மகன், சட்டையைக் கழற்றிக்கொண்டே, "கூட்டத்துல நீங்க என்ன சொன்னீக?" என்று கேட்டான். ஒன்றும் சொல்லவில்லை என்றேன்.

"ஒண்ணுஞ் சொல்லாதவுக எல்லாம் சம்மதம்னு சாரு சொல்லிட்டாக நைனா" என்றான். சட்டை கழன்றதும் வலது கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டான். நான் கேட்டும் காட்டவில்லை.

எனக்குச் சம்மதம் இல்லை. என் பிள்ளைக்கு மட்டும் இல்லை, எந்தப் பிள்ளைக்கும், கையிலும் இல்லை, காலிலும் இல்லை. இதை நாளைக் காலையில் நேரில் போய்ச் சொல்ல வேண்டும். வாய் வராவிட்டால் இந்தத் தாள்களை மேசைமேல் வைத்துவிட்டு நிற்பேன்.

1981 நவம்பர் 24, செவ்வாய்க்கிழமை.