வேல் வரைந்த குப்பை டிரம்

தைப்பூசம் முடிந்த மறுநாள் ஊரெல்லாம் கால் நீட்டிப் படுத்திருக்கும். எனக்கு அன்றைக்குத்தான் வேலையே தொடங்கும். ஒட்டன்சத்திரத்துக்கு இந்தப் பக்கம், பழநி ரோட்டை ஒட்டி எங்கள் தோட்டம். மதுரை, சிவகங்கைப் பக்கத்திலிருந்து பழநிக்கு நடக்கிறவர்கள் எங்கள் வேலியைத் தாண்டித்தான் போயாக வேண்டும். அவர்கள் தின்றதும் குடித்ததும் காலில் சுற்றியதும் காற்றோடு வேலிக்கு இந்தப் பக்கம் வந்து, எங்கள் சின்ன வெங்காயப் பாத்தியில் உட்கார்ந்துகொள்ளும்.

கல்யாணமாகி வந்த புதிதில் இவ்வளவு இல்லை. என் வீட்டுக்காரர் பள்ளிக்கூட வாத்தியார். புளியமரத்தடியில் பந்தல் போட்டு, நடந்து போகிறவர்களுக்குச் சுக்குக் காபி கொடுப்பது அவருடைய அப்பா காலத்து வழக்கம். எவர்சில்வர் தம்ளரில் கொடுப்போம். குடித்துவிட்டுத் திருப்பித் தருவார்கள். கழுவி அடுத்தவருக்கு ஊற்றுவோம். கழுவிக் கழுவி என் விரல் இடுக்கெல்லாம் புண்ணாகிவிடும். அதனால் பிளாஸ்டிக் கப் வந்தபோது முதலில் சந்தோஷப்பட்டவள் நான்தான். அந்தச் சந்தோஷம் ஒரே தைப்பூசத்தோடு தீர்ந்தது.

இரண்டாயிரத்துக்குப் பிறகு தண்ணீர் பாக்கெட்டும் சேர்ந்துகொண்டது. பல்லால் கடித்து உறிஞ்சிவிட்டு, நடந்த நடையிலேயே கையை விரித்து விட்டுவிடுவார்கள். அப்புறம் பேப்பர் தட்டு, தைலப் பாட்டில், கொப்புளத்துக்கு ஒட்டிய பிளாஸ்திரி. நடக்கிறவர்களைத் திட்டவும் எனக்கு வாய் வராது. வெறுங்காலோடு கண் செருக வருகிறவரை நிறுத்தி, கையில் இருப்பதைப் பத்திரமாக வைத்துக்கொள் என்றா சொல்வது? ஆகவே திட்டு முழுக்க வீட்டுக்காரருக்குத்தான். ஒரு வருடம் பாக்கெட்டுகள் மடையை அடைத்துக்கொண்டு, தண்ணீர் வரப்பை உடைத்து, பாதி வெங்காயம் அழுகிப்போனது. அன்றைக்குக் குனிந்த முதுகை நிமிர்த்தாமலே சொன்னேன்.

“அடுத்த வருசமும் இந்தக் குப்பைய நாந்தான் பொறுக்கணும்னா, அதுக்கப்புறம் பந்தலே கிடையாது. சொல்லிட்டேன்.”

“பந்தல் இல்லாம எப்பிடி? செத்த பொறு. நான் ஒரு வழி பண்றேன்” என்றார்.

பண்ணினார். ரோடு வேலை நடந்த இடத்திலிருந்து காலித் தார் டிரம் ஒன்றைக் கேட்டு வாங்கி வந்து, பச்சைப் பெயிண்ட் அடித்து, ‘குப்பையை இதில் போடவும்’ என்று எழுதினார். யாராவது தூக்கிக்கொண்டு போய்விட்டால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். யோசித்தார். அவருடைய பள்ளிக்கூட மதில் சுவரில், ஒன்றுக்குப் போகிறவர்களைத் தடுக்கச் சாமி படம் வரைந்திருந்தார்கள். வரைந்த அன்றைக்கே நாற்றம் நின்றுபோனதாம். அந்த அனுபவத்தில் டிரம்மின் நெற்றியில் மஞ்சள் நிறத்தில் முருகன் வேல் ஒன்றை வரைந்து, விபூதிப் பட்டையும் போட்டார். எழுத்து சின்னது. ரோட்டிலிருந்து பார்த்தால் வேல்தான் தெரிந்தது.

டிரம்மை ஒருவரும் திருடவில்லை. அதில் குப்பையை ஒருவரும் போடவும் இல்லை. முதல் கூட்டத்தில் வந்த ஒருவர் அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, உள்ளே ஒரு நாணயத்தைப் போட்டார். பின்னால் வந்தவர்கள் அதைப் பார்த்தார்கள். அவ்வளவுதான். மத்தியானத்துக்குள் டிரம்முக்கு மாலை விழுந்துவிட்டது, எதிரே சூடம் எரிந்தது. வீட்டுக்காரர் ஓடி ஓடிச் சொல்லிப் பார்த்தார்.

“சாமி, அது குப்பைத் தொட்டி சாமி. குப்பைய அதுல போடுங்க.”

ஒருவர் சண்டைக்கே வந்துவிட்டார். “வேல் இருக்குற எடத்துல எச்சிக் கப்பைப் போடச் சொல்றீகளே, நீங்கள்லாம் மனுசந்தானா?” என்று கேட்டுவிட்டு, கையிலிருந்த கப்பை மிக மரியாதையாகத் தள்ளிக் கொண்டுபோய் எங்கள் வேலிக்குள் வீசினார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். சிரித்துக்கொண்டே இருந்தபோது அழுகை வந்துவிட்டது. கும்பிட நின்றவர்கள் அங்கேயே தின்று, குடித்து, இளைப்பாறியதில் எந்த வருடமும் இல்லாத குப்பை அந்த வருடம். அவரும் என்னோடு குனிந்து பொறுக்கினார். என் முகத்தைப் பார்க்கவே இல்லை. எனக்கு அவர்மேல் கோபம்கூட வரவில்லை. அவ்வளவு அலுத்துப்போயிருந்தேன்.

அடுத்த தை பிறந்தது. அவர் பந்தலுக்கு மூங்கில் வெட்டவில்லை, நானும் கேட்கவில்லை. ஆனால் குப்பை வந்தது. யாரோ புண்ணியவான்கள் லாரியில் நின்று தண்ணீர் பாக்கெட்டுகளை வீசிக்கொண்டே போனார்கள். பாத்தியில் கிடந்ததில் எங்கள் வீட்டுக் கப் மட்டும்தான் இல்லை. இதற்காகவா பந்தலை நிறுத்தச் சொன்னோம் என்று இருந்தது.

பூசத்துக்கு முந்தின சாயங்காலம் வேலியோரம் நான் பொறுக்கிக்கொண்டிருந்தேன். அவர் கேட்டருகே நின்றார். பச்சைச் சேலை கட்டிய பெண்கள் சிலர் கால் தாங்கித் தாங்கி வந்தார்கள். முன்னால் வந்தவள் புளியமரத்தைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள்.

“ஏண்ணே, வருசா வருசம் ஒரு வீட்டுல சுக்குக்காப்பி குடுப்பாகளே. இங்கனதானே?”

அவர் ரோட்டின் அந்தக் கோடியைக் கைகாட்டினார். “இல்லத்தா. அது வேற வீடு. இன்னும் முன்னால போகணும்.”

அவள் முகம் மலர்ந்துவிட்டது. பின்னால் வருகிறவர்களைத் திரும்பிப் பார்த்து, “ஏய், இன்னும் செத்த தூரந்தானாம். வெரசா வாங்கடி!” என்று கத்தினாள். புண்ணான காலை எட்டி வைத்து, அவர்கள் வேகவேகமாக நடந்தார்கள். எங்களுக்கு அப்புறம் வெகுதூரத்துக்கு அந்த ரோட்டில் வீடே கிடையாது.