லைட்டை அணைக்க ஒரு ஸ்கேனர்

ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் உட்கார்ந்தால் ஒன்று விளங்கும்: வருகிறவர்களில் பாதிப் பேருக்கு வண்டி குணமாக வேண்டுமென்றில்லை, ஸ்டியரிங்குக்கு முன்னால் எரியும் அந்த மஞ்சள் எஞ்சின் லைட் அணைந்தால் போதும். எங்கள் ஊர் பலாபத்வலயில் மகன் கராஜ் வைத்திருக்கிறான். முன்பக்கக் கடையைப் பார்ப்பது நான். எட்டாம் வகுப்போடு நின்றவள்தான். ஆனாலும் இது விளங்கிவிட்டது. உங்கள் வண்டியிலும் அந்த லைட் எரிந்திருந்தால், என் பாடு உங்களுக்குப் புரியும்.

சின்னது போதும்

செல்வம் ரிவர்ஸ்டன் மலைக்கு ஆள் ஏற்றிப் போகிற வேன்காரர். அந்த ஒரு வேனில்தான் அவர் குடும்பமே ஓடியது. லைட் எரிகிறது, ஸ்கேனர் வேண்டும் என்று வந்தார். இரண்டைக் காட்டினேன். உள்ளங்கையளவு சின்னது, கோளாறின் நம்பரைக் காட்டும், அதை அழித்து லைட்டை அணைக்கும், அவ்வளவுதான். பெரியது, எஞ்சின் ஓடும்போதே அதன் சூடு வரைக்கும் காட்டும். "பெரியதை எடுங்க தம்பி, இல்லேன்னா மகன்கிட்ட ஒருதரம் காட்டிட்டுப் போங்க" என்றேன். அவர் சின்னதை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

"வியாதி என்னன்னு எனக்குத் தெரிய வேணாம் அக்கா, லைட் அணைஞ்சா சரி."

புது சென்சார்

பக்கத்து நாலந்தாவில் வேலை பார்க்கும் யாழ்ப்பாணத்து ஐயா ஒருவர் சொந்தமாகவே ஸ்கேனர் வைத்திருக்கிறார். ஒட்சிசன் சென்சார் பழுது என்று அது சொன்னதாம். நானும் எடுத்துக் கொடுத்தேன். மாட்டியும் லைட் போகவில்லை. மகன் படுத்துப் பார்த்தால், புகைக் குழாயில் ஓட்டை! ஸ்கேனர் வலிக்கிற இடத்தைத்தான் சொல்லும், வலி எதனால் என்று நாம்தான் தேட வேண்டும். எனக்கும் அன்றைக்குத்தான் அது விளங்கியது.

"இப்ப சென்சாரும் புதுசு, லைட்டும் எரியுது. நான் ஆரையம்மா ஏசுறது?"

கற்பூரத்துக்குப் பிறகு

ஒரு காலையில் கோயிலுக்குப் போகும்போது செல்வத்தின் வேனைப் பார்த்தேன். உள்ளே ஆட்கள் ஏறியாயிற்று. முன்னால் வைத்திருந்த பிள்ளையாருக்குக் கற்பூரம் காட்டினார். கையோடு சின்ன ஸ்கேனரைச் செருகி லைட்டை அழித்தார். தினமும் இப்படித்தானாம். எஞ்சின் தண்ணியின் சூட்டை அளக்கிற சென்சார் பழுது என்று நம்பர் காட்டுகிறதாம். "அந்த ஏத்தத்துல சூடுதானே தம்பி எமன்" என்றேன். சிரித்தார்.

"பிள்ளையாருக்கு முன்னாலதானே அழிக்கிறேன், அவர் பார்த்துக்குவாரு அக்கா."

நானும் அவரையே கும்பிடுகிறவள். கோயிலைப் பார்த்து நடந்துவிட்டேன்.

கட்டி இழுத்து வந்தது

கொஞ்ச நாளில் அந்த வேனை லொறி கட்டி இழுத்து வந்தது. சென்சார் பிழையாகச் சொன்னதால் எஞ்சினைக் குளிரவைக்கும் ஃபேன் சுற்றவில்லை, சூடு காட்டும் முள்ளும் ஏறவில்லை. ஏற்றத்தில் தண்ணீர் கொதித்து எஞ்சின் இறுகிவிட்டது. சாமி புண்ணியத்தில் ஆட்களுக்கு ஒன்றுமில்லை. வேன் மட்டும் பிறகு ஓடவேயில்லை; பார்ட் பார்ட்டாக விலைபோனது.

இப்போது செல்வம் வேறொருவர் வேனுக்கு டிரைவர். போன வாரம் லைட் எரிந்ததும் ஆள் ஏற்றிப்போன ஹயரைப் பாதியில் விட்டுவிட்டு நேரே எங்களிடம் வந்தார். முதலாளி போனில் ஏசுவது எனக்கே கேட்டது. "மகன்கிட்ட பெரிய ஸ்கேனரைப் போட்டுப் பார்க்கச் சொல்லுங்க" என்றார். இப்போது மட்டும் இவ்வளவு அவசரமா தம்பி என்று கேட்டேன்.

"இது என் வண்டி இல்லையே அக்கா, பயமா இருக்கு."

விடியும்போது சாமிக்கு ஒரு விளக்கை ஏற்றிவிட்டு வந்து, பொழுது சாயும்வரை லைட்டை அணைக்க வழி விற்கிற பிழைப்பு என்னுடையது.