பிஸ்கட் டப்பாவில் ஒரே பிரதி

லாரி புக்கிங் ஆபீஸ்களுக்கு ரசீது போட்டுத் தரும் மென்பொருள் ஒன்றை நானும் என் தோழியும் சேர்ந்து எழுதினோம். தொண்ணூறுகளின் நடுப்பகுதி. அம்பத்தூரில் ஒரு சைக்கிள் கடைக்கு மேலே ஓர் அறை, ஒரு கம்ப்யூட்டர், கத்திக்கொண்டே அச்சடிக்கும் ஒரு பிரிண்டர். கம்பெனி என்றால் அவ்வளவுதான். ஆளுக்குப் பாதி என்று வாய்வார்த்தையாகப் பேசிக்கொண்டோம். இருவரும் ஆவடி குவார்ட்டர்ஸில் அடுத்தடுத்த பிளாக்கில் வளர்ந்தவர்கள், இருவருடைய அப்பாவும் ஒரே தொழிற்சாலையில் ஷிப்ட் பார்த்தவர்கள். எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. தோன்றியிருந்தால் என்னை நானே திட்டிக்கொண்டிருப்பேன்.

இருப்பது ஒரே மெஷின் என்பதால் காலையில் நான், மாலையில் அவள். ஆரம்பத்தில் ஆளுக்கொரு ஃப்ளாப்பியில் நிரலை வைத்துக்கொண்டு அவரவர் பாட்டுக்குத் திருத்திக்கொண்டிருந்தோம். ஒருநாள் அவள் தன் ஃப்ளாப்பியில் இருந்ததை மெஷினில் ஏற்றிவிட்டுப் போய்விட்டாள். மறுநாள் வந்து பார்த்தால், ஒரு வாரமாக நான் செய்த வேலை அத்தனையும் அவளுடைய பழைய பிரதிக்கு அடியில் போய்ச் சேர்ந்திருந்தது. படிக்கட்டுக்குக் கேட்கிற மாதிரி சண்டை போட்டோம். கீழே சைக்கிள் கடைக்காரர் ரேடியோவை அணைத்துவிட்டுக் கேட்டார்.

அதற்குப் பிறகுதான் டப்பா வந்தது. வீட்டில் காலியாகக் கிடந்த ஒரு பிஸ்கட் டப்பாவை எடுத்துவந்து, மூலப் பிரதி இருந்த ஃப்ளாப்பிகளை அதில் போட்டு, சில விதிகளைச் சொன்னேன். டப்பா யார் கையில் இருக்கிறதோ அவர்தான் நிரலைத் தொடலாம். தொட்டவர் கோப்பின் தலையிலேயே யார், எதற்காகத் தொட்டார் என்று இரண்டு வரி எழுத வேண்டும். திருத்துவதற்கு முன் பழையதை இன்னொரு ஃப்ளாப்பியில் எடுத்துப் பின்னால் செருக வேண்டும், புதியது சொதப்பினால் பழையதற்குத் திரும்ப. முக்கியமாக, டப்பாவுக்கு வெளியே வேறெங்கும் பிரதி இருக்கக் கூடாது. அவளுக்கு ஒரே சிரிப்பு. “உனக்குக் கல்யாணம் ஆனா மாப்பிள்ளையையும் இதுல போட்டு மூடி வெச்சுப்பேடி” என்பாள். இப்போது இதற்கெல்லாம் தனி மென்பொருளே வந்துவிட்டது, எந்த வரியை யார் தொட்டார்கள் என்று அதுவே காட்டிக் கொடுத்துவிடும். எங்களுக்கு டப்பாதான். அதைவிடவும் அவளை நான் நம்பினேன் என்பதே நிஜம்.

எங்கள் முதல் பார்ட்டி அம்பத்தூரிலேயே ஒரு லாரி ஆபீஸ். அவர்களுக்கு இரண்டு குறை. ஒன்று, கண்ணாடி மாதிரியான சரக்குக்கு ரசீதில் ‘உடையும் பொருள்’ என்று ஒரு கட்டம் வேண்டும். இன்னொன்று, மாதக் கடைசி நாளில் புக் செய்த சரக்கை அடுத்த மாதம் எடுத்தால் கிடங்கு வாடகை மைனஸில் வந்தது. கணக்குப் பகுதி முழுக்க நான் எழுதியது, அவள் அதில் கை வைக்கமாட்டாள். ஒருநாள் காலையில் கட்டத்தை முடித்துத் தலையில் இரண்டு வரியும் எழுதிவிட்டு, வாடகையை மறுநாள் பார்க்கலாம் என்று டப்பாவை மூடினேன். அப்போதுதான் கீழேயிருந்து போன் வந்திருப்பதாகக் கூப்பிட்டார்கள். அப்பா வேலையிடத்தில் மயங்கி விழுந்துவிட்டார், ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள்.

டப்பா என் பையிலேயே இருந்தது. சாயங்காலம் ஆஸ்பத்திரி வராந்தாவில் அதை அவள் கையில் கொடுத்தேன். அதன் பிறகு அவள் வராத நாள் இல்லை. கேரியரில் ரசம் சாதம் கொண்டுவந்து, அம்மாவை அதட்டிச் சாப்பிட வைப்பாள். யார் சொன்னாலும் கேட்காத அம்மா அவள் சொன்னால் கேட்டாள். அப்பா வீடு திரும்பவில்லை. காரியத்துக்கு இலை போட்டது முதல் பாத்திரம் கழுவியது வரை அவள்தான் நின்றாள்.

எல்லாம் முடிந்தபின் டப்பாவைத் திருப்பித் தர வீட்டுக்கு வந்தாள். பணியில் இருக்கும்போதே அப்பா போனதால் கருணை அடிப்படையில் எனக்கு வேலை தருவதாகத் தொழிற்சாலையில் சொல்லியிருந்தார்கள். வேலையில் சேர்ந்தால் குவார்ட்டர்ஸ் வீடும் எங்களுக்கே நீடிக்கும். சேராவிட்டால் காலி செய்ய வேண்டியதுதான். அம்மாவையும் என்னையும் பொறுத்தவரை அந்த வீடுதான் எல்லாம். என்ன செய்யட்டும் என்று அம்மாவை வைத்துக்கொண்டே அவளிடம் கேட்டேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“வேணாண்டி. அங்க போய் ஃபைல் தூக்கப் போறியா? நம்ம கிட்ட நம்ம சரக்கு இருக்கு. ரெண்டு பேருமாச் சேர்ந்து இழுத்துடலாம்.”

அம்மா எழுந்து உள்ளே போனாள். அந்த வாரமே வேலை வேண்டாம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.

அவள் டப்பாவைத் தந்துவிட்டுப் போன கையோடு, அன்று மாலையே அம்பத்தூர் போய் மைனஸ் வாடகையைச் சரிசெய்தேன். துக்கத்தில் உட்கார்ந்திருப்பதைவிட அது சுலபமாக இருந்தது. பிறகு டப்பா என்னிடமே தங்கிவிட்டது. “நீ உள்ள வேலையைப் பாரு, நான் வெளியில அலைஞ்சு பார்ட்டி பிடிக்கிறேன்” என்றாள். வெயிலில் மொபெட்டில் எனக்காகவும் சேர்த்து அலைகிறாளே என்று மனசு உருகியது. அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என் மேலேயே பற்றிக்கொண்டு வருகிறது.

குவார்ட்டர்ஸைக் காலி செய்து சேக்காட்டில் ஒரு சின்ன வீட்டுக்குப் போனோம். அப்பாவின் பீரோவுக்கு அங்கே இடமில்லை. வேலூரில் இருந்த அக்காவுக்கு அதை லாரியில் அனுப்பிவிடலாம் என்று அம்மா சொன்னாள். ஒரு மாத முதல் வாரத்தில், பீரோவை வண்டியில் ஏற்றிக்கொண்டு குமணன்சாவடியில் ஒரு புக்கிங் ஆபீஸுக்குப் போனேன். அங்கே எனக்கு முன்னால் பூந்தமல்லியில் செருப்புக் கடை வைத்திருந்த ஒரு பாய் ரசீதைப் பிடித்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தார்.

“இன்னா நைனா, சரக்கு எடுக்க வந்தா நீதான் எனக்கு வாடகை குடுக்கணும்னு கீது. குடு, வாங்கிக்கினு போறேன்.”

கிளார்க் தலையைச் சொறிந்தான். மாசக் கடைசியில் புக் பண்ணினால் மெஷின் இப்படித்தான் உளறுகிறது என்றான்.

அது எனக்குத் தெரிந்த உளறல், ஆனால் அந்த ஆபீஸுக்கு நாங்கள் எதையும் விற்றதில்லை. கிளார்க் ஏதோ தப்பான சாவியைத் தட்டினான். திரையில், இங்கிலீஷ் எழுத்தில் தமிழாக, ‘தப்பு, திரும்பப் பார்’ என்று வந்தது. அந்த வாக்கியத்தை எழுதியவள் நான். அம்பத்தூர் அறையில் ஒரு மதியம் விளையாட்டாகப் போட்டது அது. இதை யார் செய்து கொடுத்தார்கள் என்று கேட்டேன்.

“ஒரு மேடம். கண்ணாடி போட்டுக்கினு மொபெட்ல வருவாங்க” என்றவன், என் பீரோவைப் பார்த்துவிட்டு, “அதுல கண்ணாடி கீதா? அப்ப உடையும் பொருள்னு போடணும்” என்றான்.

ரசீதில் நான் போட்ட கட்டத்தில் நட்சத்திரக் குறி விழுந்திருந்தது. மேலே, எங்கள் இருவர் பெயரும் அச்சாக வேண்டிய இடத்தில் அவள் பெயர் மட்டும் இருந்தது.

ஆவடி பஸ்ஸில் உட்கார்ந்து முதலில் அவளுக்காக நானே வாதாடிப் பார்த்தேன். பிறகு வேலை செய்கிற புத்தி தானாகக் கணக்குப் போட ஆரம்பித்தது. அந்த ஆபீஸில் இருக்கும் பிரதியில் கட்டம் இருக்கிறது. அப்படியென்றால் அப்பா விழுந்த நாளுக்குப் பிறகு எடுத்தது. வாடகைத் திருத்தம் இல்லை. அப்படியென்றால் டப்பா என் கைக்குத் திரும்பி வருவதற்கு முன் எடுத்தது. இடைப்பட்ட நாட்கள் ரசம் சாதம் கொண்டுவந்த நாட்கள். சரி, ஆசை, எடுத்துவிட்டாள் என்றே வைத்துக்கொள்வோம். ஆனால் என் கையைப் பிடித்து வேணாண்டி என்று சொன்னாளே, அந்த நேரத்தில் பிரதி ஏற்கனவே அவளிடம் இருந்திருக்கிறது. இது புரிந்தபோது பஸ் எங்கே போகிறது என்றே எனக்குத் தெரியவில்லை. வெள்ளானூர் வரை போய்விட்டுத் திரும்பி வந்தேன்.

மறுநாள் அறையில் கேட்டேன். அவள் மறுக்கவில்லை. நான் அப்பாவின் வேலைக்குப் போய்விடுவேன் என்று நினைத்தாளாம். நான் போய்விட்டால் தனியாக என்ன செய்வது என்ற பயத்தில் ஒரு பிரதி எடுத்து வைத்துக்கொண்டாளாம்.

“அப்ப போகாதேன்னு ஏண்டி சொன்னே?”

பிரிண்டரில் தொங்கிய தாளைக் கிழித்து மடித்தாள்.

“உங்கம்மா பாத்துக்கிட்டு இருந்தாங்க. போன்னு சொன்னா நான் உன்னைக் கழட்டி விடற மாதிரி இருக்கும்ல.”

திருடியதைக்கூட ஒருநாள் மறந்திருப்பேன். என் அம்மா முன்னால் நல்லவளாகத் தெரிய வேண்டும் என்பதற்காக எங்கள் வீட்டை விடச் சொன்னாள் என்பதை என்னால் விழுங்க முடியவில்லை. அன்றைக்கு நான் கத்தவில்லை. கத்துவதற்கும் ஒரு உறவு வேண்டியிருக்கிறது.

டப்பாவை நீயே வைத்துக்கொள் என்றாள், பெரிய மனசு பண்ணுகிறவள் மாதிரி. திறந்து பார்த்தேன். எல்லா ஃப்ளாப்பியும் வரிசையாக இருந்தன, ஒன்றுகூடக் குறையவில்லை. படிக்கட்டில் இறங்கப் போனவள் திரும்பி வந்து கதவருகே நின்றாள்.

“அந்த மாசக் கடைசி வாடகைய எப்படி சரி பண்ணே?”

நான் டப்பாவை மூடிப் பையில் வைத்தேன். இன்னொரு தடவை கேட்டுவிட்டுப் போனாள்.

அதன் பிறகு தொழிற்சாலைக்குப் போய், எழுதிக் கொடுத்ததைத் திரும்பப் பெற முடியுமா என்று கேட்டேன். அங்கிருந்தவர் நல்ல மனிதர், அப்பாவைத் தெரிந்தவர். என்னை உட்கார வைத்து டீ வாங்கிக் கொடுத்து, அதற்கு வழியில்லையம்மா என்றார். டீயைக் குடித்துவிட்டு வந்தேன். சேக்காட்டில் அம்மா ஏன் லேட் என்று கேட்டாள். பஸ் கிடைக்கவில்லை என்றேன். கடைசிவரை அவளிடம் எதையும் சொல்லவில்லை. அந்தப் பெண் ஏன் இப்போதெல்லாம் வருவதில்லை என்று அவ்வப்போது கேட்பாள், நல்ல பெண் என்பாள்.

இன்றும் மாதக் கடைசி நாள் வந்தால் குமணன்சாவடி ஆபீஸ் ஞாபகம் வரும். அவள் எப்படியாவது அந்தப் பிழையைச் சரிசெய்திருப்பாள், கெட்டிக்காரிதான். செய்திருக்கக் கூடாது என்றுதான் இன்னமும் நினைக்கிறேன்.