ஐந்து லீட்டர் ஊற்று

நமுனுகுல மலைச்சாரலில் பிறந்தவர்களுக்கு நீர் என்றாலே குளிர்தான். எங்கள் தேயிலைத் தோட்டத்து லய வரிசையின் கோடியில், பாறையிடுக்கிலிருந்து வழியும் பீலித் தண்ணீரில் காலையில் முகம் கழுவினால், பள்ளியில் முதற்பாடம் தொடங்கும்வரை பற்கள் தாளம் போடும். வெந்நீர் வேண்டுமெனில் விறகு பொறுக்க வேண்டும், ஈர விறகோடு மல்லாட வேண்டும், புகையில் கண்ணீர் வடிக்க வேண்டும். ஆகவே, விறகே இல்லாமல் கொதிக்கும் நீர் உலகில் உண்டு என்று மாமா சொன்னபோது, அவர் வழக்கமாகச் சொல்லும் பொய்களோடு அதனையும் சேர்த்து வைத்தேன்.

மாமா, அம்மாவின் தம்பி. பண்டாரவளையிலிருந்து மட்டக்களப்புக்கு மரக்கறி ஏற்றிச் செல்லும் லொறியின் சாரதி. வழியில் மகா ஓயாவில் வெந்நீர்க் கிணறுகள் இருப்பதாகவும், முடங்கிக் கிடந்தவர்கள் அங்கே குளித்து எழுந்து நடந்ததைத் தம் கண்ணாற் கண்டதாகவும் சொன்னார்.

"அங்க பூமியே அடுப்பு மூட்டி வச்சிருக்குக்கா. நீ வந்து ஒக்காந்தாப் போதும்."

அம்மாவின் இடுப்புவலி, எனக்கு நினைவு தெரிந்த நாள்முதல் எங்கள் வீட்டில் இன்னோர் ஆளாய்க் குடியிருந்தது. தலையில் கயிறு மாட்டி, முதுகில் கூடை தொங்க, நாள் முழுவதும் கொழுந்து பறிப்பவள் அவள். மாலையில் கூடையை இறக்கிய பின்னரும் அது முதுகில் இருப்பது போலவே குனிந்து நடப்பாள். தைலமும் ஒத்தடமும் மாத்திரையும் தோற்றன. ஒருநாள் அடுப்படியில் குந்தியவள் எழ முடியாமல் அப்படியே இருந்துவிட்டாள். அப்பாவும் அத்தையும் சேர்ந்துதான் தூக்கி நிறுத்தினார்கள்.

அத்தை, அப்பாவின் தமக்கை. லயத்தில் எங்கள் அறைக்கு அடுத்த காம்பிராவில் தனியே வாழ்ந்தாள். அன்று அவள் அப்பாவிடம் சொன்னது சுவரைத் தாண்டி எனக்குக் கேட்டது.

"தம்பி, இவ இடுப்பு சரிவரலன்னா ஒம் மகளப் பள்ளிக்கூடத்துலருந்து நிப்பாட்டு. அடுப்பையும் தண்ணியையும் அவ பாக்கட்டும். வேற என்னா வழி?"

"மொதல்ல வைத்தியத்தப் பாப்போம்க்கா" என்றார் அப்பா. ஐந்தாம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்த எனக்கு, அம்மாவின் முதுகெலும்பும் என் பள்ளிக்கூடமும் ஒரே பொருளாகிவிட்டது அந்தக் கணத்தில்தான்.

கோவா மரக்கறி மூட்டைகளை ஏற்றிய லொறியில் அம்மாவும் நானும் மாமாவுக்கு அருகே அமர்ந்து மலையிறங்கினோம். லுணுகலை தாண்டியதும் காற்று வெதுவெதுப்பானது. கிணறுகளுக்கு அருகே தேநீர்க்கடை நடத்திய சிங்களப் பெண்ணொருத்தி, மாமாவுக்குப் பழக்கமானவள், எங்களுக்குத் தன் வீட்டில் இடங்கொடுத்தாள். மட்டக்களப்பு சென்று மூன்றாம் நாள் திரும்பி அழைத்துப் போவதாகச் சொல்லி மாமா புறப்பட்டார்.

மறுநாள் விடியற்காலையில் அந்தக் கிணறுகளைக் கண்டேன். ஐம்பதைக் கடந்த பின்னும் அந்தக் காட்சிக்கு நிகரானதொன்றை நான் கண்டதில்லை. சுற்றிலும் உறங்கும் தரை. நடுவே, சிறு சிறு கிணற்றுக்கட்டுகளுக்குள்ளிருந்து வெண்ணிற ஆவி நிமிர்ந்து எழுந்துகொண்டிருந்தது. புகையில்லை, தணலில்லை, ஊதுகுழல் இல்லை. ஒரு கிணற்று நீரில் கை வைக்க முடிந்தது. ஐந்தாறு அடி தள்ளியிருந்த அடுத்ததில் விரல்நுனியும் வைக்க முடியவில்லை. அடியிலிருந்து குமிழிகள் ஒவ்வொன்றாய் ஏறி வந்து உடைந்தன. தீக்குச்சி உரசினாற் போன்ற மெல்லிய கந்தக நெடி காற்றில் நின்றது. விறகு பொறுக்கியே வளர்ந்த சிறுமி நான். இத்தனை வெந்நீருக்கு எத்தனை சுமை விறகு வேண்டும் என்று கணக்கிட முயன்று, முடியாமல், கைகூப்பி நின்றேன்.

கடைக்காரப் பெண் வாளியில் நீர் மொண்டு அம்மாவின் இடுப்பில் ஊற்றினாள். அம்மா துள்ளினாள். "ஹெமின், ஹெமின்" என்று, மெல்ல மெல்ல எனும் பொருளில், கன்றைத் தட்டிக்கொடுப்பது போலச் சொன்னாள் அவள். பின்னர் தனக்குத் தெரிந்த தமிழில் கட்டளையிட்டாள்:

"குளிச்சா அரமணி குனிய வேணாம். வேல வேணாம். குனிஞ்சா தண்ணிக்குக் கோவம் வரும்."

மூன்று நாள், காலையும் மாலையும் குளியல். மூன்றாம் நாள் ஈரச் சேலையோடு அம்மா கிணற்றடியிலிருந்து எழுந்து, கையை இடுப்பில் ஊன்றாமல் நேராக நின்றாள். அம்மா இவ்வளவு உயரமானவள் என்பதை அன்றுதான் அறிந்தேன். அண்ணாந்து பார்த்து நின்ற என்னைக் கண்டு, "என்னா புள்ள, பேய் அறஞ்ச மாதிரி நிக்கிற?" என்று சிரித்தாள்.

திரும்பும்போது ஐந்து லீட்டர் எண்ணெய்க் கேன் ஒன்றைக் கழுவி, ஊற்றுநீர் நிரப்பி, என் மடியில் வைத்தார் மாமா. மலையேற மலையேற அது ஆறிக்கொண்டே வந்தது. என் போர்வையைச் சுற்றினேன், நெஞ்சோடு அணைத்தேன். வீடு சேர்ந்தபோது பீலித் தண்ணீரினும் குளிர்ந்திருந்தது.

அத்தை தொட்டுப் பார்த்தாள். "வெந்நி கொண்டாரப் போயி ஐஸ்தண்ணியக் கொண்டாந்துருக்கீங்க!"

நீர் இறந்தது என் பிழை என்றே நம்பினேன். அதனை உயிர்ப்பிக்கும் பொறுப்பை நானே ஏற்றேன். மாலைதோறும் கேனிலிருந்து ஒரு குவளை மொண்டு அடுப்பில் சுடவைத்து, துணியில் நனைத்து, அம்மாவின் இடுப்பில் போடுவேன். கடைக்காரப் பெண்ணின் கட்டளை எங்கள் லயத்திலும் செல்லுபடியானது. அந்த அரைமணி நேரம் அம்மா சுவரில் சாய்ந்து கால்நீட்டி அமர்ந்திருப்பாள். அப்பா ரொட்டி தட்டுவார். அவை எந்த வடிவ இலக்கணத்துக்கும் அடங்கா. அத்தை தேங்காய் துருவியபடி, "மகாராணிக்கு இன்னும் சூடு எறங்கலியா?" என்பாள்.

"இன்னும் இல்லீங்க அண்ணி. கொஞ்சம் பொறுங்க" என்பாள் அம்மா, கண்ணை மூடியபடியே.

இரண்டு வாரத்தில் கேன் வற்றியது. அம்மாவின் இடுப்பு மீண்டும் வளைவதும், என் புத்தகப்பை ஆணியில் தொங்குவதும் மனக்கண்ணில் தெரிந்தன. யாருமற்ற பிற்பகலில் பீலியில் கேனை நிரப்பி, பழைய இடத்தில் வைத்தேன். அன்று துணியை இடுப்பில் போட்டதும் அம்மா மூச்சை இழுத்தாள், சற்று நிறுத்தினாள். ஊற்றுநீருக்குக் கந்தக நெடி. பீலிநீருக்குப் பாசி வாசம். அம்மாவின் முகத்தையே பார்த்தேன்.

"நல்லாருக்கு புள்ள. இன்னும் கொஞ்சம் நனச்சிப் போடு" என்றாள்.

அவளை ஏமாற்றிவிட்டேன் என்ற குற்றவுணர்வும், பிடிபடவில்லை என்ற பெருமிதமும் ஒருசேர இருக்க, கேன் வற்றும்போதெல்லாம் களவாக நிரப்பினேன். வலி அம்மாவை முற்றாக விடவில்லை. ஆயினும் காலைப் பெரட்டில், வேலைக்கு ஆள் எடுக்கும் இடத்தில், அவள் பேர் கொடுக்காத நாளில்லை. பள்ளிக்கு நான் போகாத நாளுமில்லை.

புலமைப்பரிசில் பரீட்சைக்குப் பதுளைக்குச் செல்ல வேண்டிய நாளும் வந்தது. விடியுமுன் புறப்பட்ட அவசரத்தில், முந்தின மாலை வற்றிய கேனை நிரப்ப மறந்துபோனேன். முதல் வினாவுக்கு விடை எழுதும்போதுதான் அது வெறுமையாய்க் கிடப்பது நினைவுக்கு வந்தது. இன்று அத்தை அதைத் தூக்கிப் பார்ப்பாள், ஊற்றுநீர் தீர்ந்தது தெரிந்துவிடும். மீதி வினாக்களுக்கு எப்படி விடையெழுதினேன் என்பதை அறியேன்.

மாலையில் ஓடிவந்து கேனைத் தூக்கினேன். கை கனத்தது. கழுத்துவரை நீர் நிறைந்திருந்தது.

மகா ஓயாவின் ஊற்று, நான் இல்லாத நாளில் மலையேறி வந்து தன் இடத்தைத் தானே நிரப்பிக்கொண்டது என்று நம்பினேன். அந்த ஆவி நிமிர்ந்தெழுந்த விடியலில் நின்றது போலவே, கேனின் முன்னால் கைகூப்பி நின்றேன்.

"என்னத்த மொறச்சிப் பாக்குற?" பின்னாலிருந்து அத்தை அதட்டினாள். "பரீச்ச எழுதுனியா, இல்ல தூங்கிட்டு வந்தியா? போ, தண்ணியச் சுட வையி. ஒங்கம்மா வர்ற நேரம்."

அன்று மழையில்லை. அத்தையின் சேலை முழங்கால்வரை நனைந்து, நுனியில் பச்சைப்பாசி ஒட்டியிருந்தது. அதனையும் பார்த்தேன். பார்த்துவிட்டு, ஊற்றின் பெருமையை எண்ணியபடியே அடுப்பை மூட்டப் போனேன்.