ஏன் ஐயா இரண்டு குரல்?

போன வருடத்துக்கு முந்திய பனிக்காலம். மொன்றியலில், லாசால் பகுதியில் ஒரு மாடிக் கட்டடத்தில் நாங்கள் குடியிருக்கிறோம். மகள் அப்போது பக்கத்திலுள்ள பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில் பத்தாம் வகுப்பு. நான் பிஸ்கட் தொழிற்சாலையில் காலை வேலை முடித்து, பிள்ளை வருவதற்கு முன்னரே வீட்டுக்கு வந்துவிடுவேன்.

என்னைப் பற்றி முதலிலேயே ஒன்று சொல்லிவிட வேண்டும். நான் ஒரு சந்தேகப் பிராணி. பால் வாங்கினால் திகதியைப் பார்த்த பிறகும் மணந்து பார்ப்பேன். கதவைப் பூட்டிவிட்டு பஸ் தரிப்பிடம் வரை போய், பூட்டினேனா என்று திரும்பி வந்து இழுத்துப் பார்ப்பேன். யாராவது காரணமில்லாமல் சிரித்தால், இவருக்கு என்னிடம் என்ன தேவை என்றுதான் யோசனை போகும். மகள் எனக்கு வைத்திருக்கும் பெயர் சீஐடி.

மகளுக்கு ஒரு சிநேகிதி. ஹெயிட்டியிலிருந்து வந்த தாய் தகப்பனுக்கு இங்கேயே பிறந்த கறுப்பினப் பிள்ளை. நல்ல உயரம், நெருக்கமாகப் பின்னிய தலைமயிர், தோளைத் தொடுகிற வளையக் காதணி. தாய் முதியோர் இல்லமொன்றில் வேலை. வீடு திரும்ப இருட்டிவிடும். அதனால் பள்ளிக்கூடம் விட்டதும் அவள் மகளோடு எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவாள். எங்கள் ஆட்கள் சிலர் கறுப்பினத்தவருக்கு ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள்; அதை இங்கே எழுத எனக்கு விருப்பமில்லை. என் வாயால் நான் அதைச் சொன்னதில்லை. ஆனால் அடிக்கடி கேட்டுப் பழகிய மனம் சும்மா இருக்குமா?

எனக்குப் பிரெஞ்சு சரிவராது. ஒரு பனிக்காலம் முழுக்க வகுப்புக்குப் போயும், வணக்கம் சொல்லவும் பஸ் விசாரிக்கவும் படித்ததோடு சரி. வார்த்தை விளங்காத ஆளுக்குக் காது வேறு விதமாக வேலை செய்யும். என்ன சொல்கிறார்கள் என்பது தெரியாததால், எப்படிச் சொல்கிறார்கள் என்பதையே கேட்டுக்கொண்டிருப்பேன்.

அப்படிக் கேட்டதில்தான் அந்தப் பிள்ளையில் எனக்குச் சந்தேகம் வந்தது. மகளின் அறைக்குள் இருக்கும்போது அவள் குரல் பெரிது. பிரெஞ்சுக்குள் ஆங்கிலமும் அவர்களுடைய கிரியோலும் புகுந்து ஓடும், கை தட்டிச் சிரிப்பாள், கட்டில் அதிரும். தாய் அழைத்தால் முழுக்கக் கிரியோல், செல்லமும் சிணுங்கலுமாக. பள்ளிக்கூடத்திலிருந்து ஆசிரியை யாராவது அழைத்தால், அப்பப்பா, அது வேறு ஆள்! குரல் மெலிந்து, ஒவ்வொரு சொல்லும் இஸ்திரி போட்டு மடித்ததுபோல வரும். தொலைக்காட்சியில் செய்தி வாசிக்கும் வெள்ளைக்காரப் பெண் எங்கள் வீட்டுக்குள் வந்துவிட்டாள் என்றுதான் நினைப்பீர்கள். என்னைக் கண்டால் தலையைக் குனிந்து, மெல்ல, “பொன்ஜூர் மதாம்.”

ஒரு பின்னேரத்துக்குள் இத்தனை குரலா? இதில் எது உண்மையான பிள்ளை? பச்சோந்தி என்று மனதுக்குள் பெயர் வைத்தேன். என் மகளும் அவளோடு சேர்ந்து அதே மாதிரிக் கதைப்பாள், என்னோடு தமிழ், ஆசிரியர்களோடு நல்ல பிரெஞ்சு. அதைக் கெட்டித்தனம் என்று மற்றவர்களிடம் பெருமையடித்தேன். அடுத்த வீட்டுப் பிள்ளை செய்தால் கள்ளத்தனம்.

அந்த மாசி மாதத்தில் ஒரு நாள் இருவரும் வழக்கத்தைவிட முன்னதாகவே வந்து சேர்ந்தார்கள். பள்ளிக்கூடத்தில் யாரோ தீ எச்சரிக்கை மணியை வேண்டுமென்றே இழுத்துவிட்டார்களாம். கடைசிப் பாடம் நடந்துகொண்டிருந்த நேரம். அத்தனை பிள்ளைகளும் மேலங்கி கூட இல்லாமல் பனிக்குள் நின்றிருக்கிறார்கள். பிறகு, உடுப்பை எடுத்துக்கொண்டு நேரே வீட்டுக்குப் போங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். இருவரும் குளியலறைக்குள் ஓடிக் கை துடைத்துவிட்டுப் போன பிறகு பார்த்தால், என் வெள்ளைத் துவாய் முழுக்க நீலச் சாயம். சித்திரப் பாடத்தில் பூசிய சாயமாம், கழுவ நேரமில்லையாம். அந்தத் துவாய்க்காக நான் போட்ட சத்தத்தில், மணி அடித்த கதை எனக்கு மறந்தே போனது.

அடுத்த வாரம் பள்ளிக்கூடத்திலிருந்து அழைப்பு வந்தது; மகள் கேட்டு எனக்குச் சொன்னாள். மணி அடித்த இடத்துக்குப் பக்கத்தில், உடற்பயிற்சிக் கூடத்தடியில், உயரமான ஒரு கறுப்பினப் பிள்ளையின் சிரிப்புச் சத்தம் கேட்டதாக யாரோ சொல்லியிருக்கிறார்கள். அது இவள்தான் என்று உப அதிபருக்கு நம்பிக்கை. ஏற்கெனவே நடைபாதையில் சத்தமாகவும் மரியாதையில்லாமலும் கதைத்ததாக இவள் மேல் ஒரு முறைப்பாடு இருந்ததாம். இதுவும் உறுதியானால் வேறு பள்ளிக்கூடத்துக்கு மாற்றிவிடுவார்கள். அந்த நேரம் தன்னோடு நின்றவள் என்று அவள் சொன்ன ஒரே சாட்சி என் மகள். மறுநாள் காலை மகளோடு நானும் வர வேண்டும்.

மகளைச் சமையலறைக்குள் இழுத்துக் கேட்டேன்.

“அம்மா, அவள் ஒண்டும் செய்யேல்லை. நாங்கள் ரெண்டு பேரும் சித்திர அறையிலை பிரஷ் அடுக்கிக்கொண்டு நிண்டனாங்கள். ரீச்சர் மற்றப் பிள்ளையளை முன்னமே லைப்ரரிக்குக் கூட்டிக்கொண்டு போயிட்டா” என்றாள்.

சிநேகிதிக்காகப் பொய் சொல்கிறாளோ என்று நான் அவள் முகத்தையே பார்த்தேன். அந்த நேரம் குளியலறைக்குள்ளிருந்து மற்றவளின் குரல் கேட்டது. கதவில் காதை வைத்தேன். வெட்கம்தான், ஆனாலும் வைத்தேன். கண்ணாடிக்கு முன்னால் நின்று அந்தச் செய்தி வாசிக்கும் குரலில் ஏதோ சொல்கிறாள். நிறுத்துகிறாள். அதையே மறுபடி, இன்னும் மெதுவாகச் சொல்கிறாள். மறுபடியும்.

எனக்கு எல்லாம் விளங்கிவிட்டதாக நினைத்தேன். உண்மை சொல்கிறவளுக்கு ஒத்திகை எதற்கு? அவள் வீட்டுக்குப் போனதும் மகளிடம் கண்டிப்பாகச் சொன்னேன்.

“நாளைக்குக் கேட்டால், அவள் எங்கை நிண்டவள் எண்டு தெரியாது எண்டு சொல்லு. எங்களுக்கேன் தேவையில்லாத வில்லங்கம்?”

மகள் எழுந்து தன் அறைக்குள் போய்விட்டாள். சாப்பிடவும் வரவில்லை.

காலையில் பள்ளிக்கூட வாசலில் அவள் தனியாக நின்றாள். தாய்க்கு வேலையில் விடுப்புக் கிடைக்கவில்லை. மகளிடம் இரவல் வாங்கிய சாம்பல் நிறச் சட்டையைக் கழுத்து வரை பூட்டியிருந்தாள். உப அதிபரின் கதவடிக்கு வந்ததும் காதில் கிடந்த வளையங்களைக் கழற்றிப் பைக்குள் போட்டாள்.

அதைப் பார்த்த கணத்தில் என் கை தானாக நெற்றிக்குப் போனது. ஏன் என்று அப்போது எனக்கே தெரியவில்லை.

உள்ளே உப அதிபர் மரியாதையான மனிதராகத்தான் இருந்தார். எனக்குக் கதிரை இழுத்துப் போட்டார், தண்ணீர் வேண்டுமா என்று கேட்டார். என்ன தேவையோ என்று நினைத்துக்கொண்டேன். முதலில் அந்தப் பிள்ளையைக் கேட்டார். அவருடைய குரல் உலர்ந்து, கட்டையாக வந்தது. அவள் கைகளை மடியில் வைத்துக்கொண்டு, கண்ணாடிக்கு முன்னால் பழகிய அதே குரலில் பதில் சொன்னாள். அவர் அதே கேள்வியைத் திரும்பக் கேட்டார். அவள் இன்னும் மெதுவாகச் சொன்னாள். அவர் மறுபடி கேட்டார்.

பிறகு என் மகள் பக்கம் திரும்பினார். குரல் மாறியது. கதவைச் சாத்தி வேறொருவர் வந்து உட்கார்ந்த மாதிரி, மென்மையாக, பெயர் சொல்லி. மகள் என்னைப் பார்த்து மொழிபெயர்த்தாள்.

“பயப்பட வேண்டாமாம். நல்ல பிள்ளையாம் நான். அவளுக்காகப் பொய் சொல்லத் தேவையில்லையாம்.”

எனக்குச் சுருக்கென்றது. இரண்டு குரல்! இத்தனை நாளாக அந்தப் பிள்ளையின் குரல்களை எண்ணிக்கொண்டிருந்த எனக்கு, எதிரில் இருந்த பெரிய மனிதரின் வாயிலிருந்து இரண்டு குரல் வந்தபோதுதான் காது திறந்தது. என் கை ஏன் நெற்றிக்குப் போனது என்பதும் அப்போது தெரிந்தது.

இளம் வயதில் நான் கொழும்பில் வேலை செய்தவள். பஸ் சோதனைச்சாவடிக்குக் கிட்ட வரும்போது கைலேஞ்சியால் பொட்டை அழித்துவிடுவேன். பக்கத்தில் இருக்கும் அக்காவோடு தமிழில் கதைப்பதை நிறுத்திவிடுவேன். இராணுவக்காரன் ஏறிக் கேட்டால், மனப்பாடம் செய்த சிங்களத்தில், மெல்லிய குரலில், சிரித்த முகத்தோடு சொல்வேன். கடையில் வேலை, அக்காவோடு தங்கியிருக்கிறேன், இதோ அடையாள அட்டை. அத்தனையும் உண்மை. அந்த உண்மையை எத்தனை தரம் கண்ணாடிக்கு முன்னால் நின்று சொல்லிப் பார்த்திருப்பேன்! அப்படியான நானா ஒத்திகை பார்க்கிறவள் பொய்க்காரி என்று நினைத்தேன்?

மகள் இன்னும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். என் சொல்லுக்காகக் காத்திருந்தாள். மற்றப் பிள்ளை நிலத்தைப் பார்த்தபடி இருந்தாள். அவளுக்குத் தமிழ் தெரியாது. ஆனால் ஏதோ என் கையில் இருக்கிறது என்பது மட்டும் அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

“நடந்ததைச் சொல்லு, பிள்ளை” என்றேன்.

மகள் சொன்னாள். உப அதிபர் தலையாட்டிக் கேட்டுவிட்டு, உடனே அந்தப் பிள்ளையிடம் திரும்பினார். மறுபடி அந்த உலர்ந்த குரல். எனக்குப் பொறுக்கவில்லை. எனக்குத் தெரிந்த ஓட்டைப் பிரெஞ்சில், “ஏன் ஐயா இரண்டு குரல்?” என்று கேட்டுவிட்டேன். இவளுக்கு ஒன்று, அவளுக்கு ஒன்று என்று கையாலும் காட்டினேன்.

“அம்மா, சும்மா இருங்கோ!” மகள் என் கையைப் பிடித்து அமுக்கினாள்.

அவர் முகம் சிவந்துபோனது. தான் அப்படி ஒன்றும் செய்யவில்லை என்றாராம். செய்யவில்லை என்று சொன்னது மூன்றாவது குரலில்.

வாயைத் திறந்தது திறந்ததுதான், இனி என்ன? சீஐடி மூளை அப்போதுதான் சரியான பக்கம் ஓடியது. நீலத் துவாய்! இருவரும் அன்று கை கழுவாமல்தான் வீட்டுக்கு வந்தார்கள்.

“ரெண்டு பேரின்ரை கையும் நீலமாய்க் கிடந்தது. எங்கடை துவாய் இன்னும் வெளுக்கேல்லை. அந்த மணிப் பெட்டியிலை நீலம் இருந்ததோ எண்டு கேள்” என்றேன்.

மகள் தயங்கித் தயங்கிக் கேட்டாள். உப அதிபர் தொலைபேசியை எடுத்துப் பராமரிப்புக்காரரை அழைத்தார். மணியைத் திரும்பச் சரிசெய்தவர் அவர்தான். பெட்டியும் பிடியும் சுத்தமாக இருந்ததாம், துடைக்க ஒன்றும் இருக்கவில்லையாம். உப அதிபர் பேனையை மூடி வைத்தார். இப்போதைக்கு இந்த விடயம் முடிந்தது என்றார். ‘இப்போதைக்கு’ என்ற சொல் எனக்குப் பிடிக்கவில்லை. மன்னிப்பு என்ற சொல்லை யாரும் சொல்லவில்லை. வெளியே வரும்போது என்னைப் பார்த்துச் சிரித்தார், நான் சிரிக்கவில்லை.

பிந்தி வருவதாகச் சொல்லியிருந்த வேலைக்குப் போக எனக்குப் பஸ் பிடிக்க வேண்டியிருந்தது. இருவரும் தரிப்பிடம் வரை கூட வந்தார்கள். அவள் பைக்குள்ளிருந்து வளையங்களை எடுத்து மாட்டிக்கொண்டாள். ஏன் கண்ணாடிக்கு முன்னால் அப்படிப் பழகிப் பார்த்தாய் என்று கேட்கச் சொன்னேன். அவள் நீளமாகச் சொன்னதை மகள் எனக்குச் சுருக்கிச் சொன்னாள்.

“அவள் தன்ரை குரலிலை உண்மையைச் சொன்னால், சண்டைக்கு வாறாள் எண்டு நினைப்பினமாம். நான் அதே மாதிரிக் கதைச்சால் பகிடி எண்டு சிரிப்பினமாம். இந்த ஒஃபீஸ் குரலிலை கதைச்சால் அவளின்ரை மச்சாள்மார் வெள்ளைக்காரி வாறாள் எண்டு நக்கலடிக்கினமாம். ரெண்டு பக்கத்தாலையும் பேச்சுத்தானாம்.”

சந்தேகம் என்னை விடுமா? அடுத்த கேள்வியையும் கேட்டேன்.

“அப்ப என்னோடை கதைக்கிறது எந்தக் குரல்?”

மகள் அதை மொழிபெயர்க்கவில்லை. பனியைச் சப்பாத்தால் தட்டிக்கொண்டு நின்றாள். பிறகு மெல்லச் சொன்னாள்.

“உங்களோடையும் அந்த ஒஃபீஸ் குரல்தான், அம்மா. நீங்கள் அவளை ஒரு மாதிரிப் பார்க்கிறியள் எண்டு அவளுக்கு முதல் நாளே தெரியும்.”

பஸ் வந்தது. ஏறி உட்கார்ந்த பிறகும் என் காது சுட்டது. உப அதிபரைக் கேட்டேனே, ஏன் ஐயா இரண்டு குரல் என்று. என் வீட்டு வாசலில் ஒரு சோதனைச்சாவடியைப் போட்டு, அந்தப் பிள்ளையை நாள்தோறும் மெல்லிய குரலில் “பொன்ஜூர் மதாம்” சொல்ல வைத்தவள் நான்தானே.

மணியை அடித்தது யார் என்று இன்று வரை எனக்குத் தெரியாது. அவள் அந்தப் பள்ளிக்கூடத்திலேயே படித்து முடித்தாள். அடுத்த நாளே எல்லாம் மாறிவிட்டது என்று சொன்னால் பொய். பல வாரங்களாக அதே தலைகுனிவு, அதே பட்டுக் குரல். நானும் சிரித்துப் பார்த்தேன். இவவுக்கு என்ன தேவையோ என்று அவள் யோசித்திருப்பாள். எனக்கு அது வேண்டும்தான்!

பனி உருகத் தொடங்கிய ஒரு பின்னேரம் ரோல்ஸ் பொரித்துக்கொண்டிருந்தேன். கதவு படாரென்று திறந்தது. வளையங்கள் ஆட உள்ளே வந்தவள், சப்பாத்தைக் கழற்றும்போதே, மணம் மூக்கில் ஏறியதும், மகளின் அறைக்குள் மட்டும் கேட்கும் அந்தப் பெரிய குரலில் ஏதோ கத்திச் சிரித்தாள். பிறகு நான் நிற்பதைக் கண்டு சட்டென்று வாயைப் பொத்தினாள். நான் தட்டை நீட்டினேன். கையை எடுத்தாள். மிச்சச் சிரிப்பையும் சிரித்து முடித்தாள்.

இப்போதும் அவள் வந்து அப்படிச் சிரிக்கும்போது, கீழ் வீட்டுக்காரர் என்ன சொல்வாரோ என்று இந்தச் சந்தேகப் பிராணியின் மனம் ஒரு கணம் பதறும். ஆனால் சத்தத்தைக் குறை என்று சொல்ல எனக்கு வாய் வருவதில்லை, ஏனென்றால் என் முன்னால் அந்தச் சத்தம் கேட்கும்வரை அவள் அவளாக ஒரு நாளும் என் வீட்டுக்குள் வந்திருக்கவில்லை.