‘இல்லை’ என்று போடச் சொன்னவள்

மில்ஃபோர்க் கல்லூரியில் நாலு வருஷம் முடித்து, அதற்கு மேல் டாக்டர் படிப்புக்குப் போக ஆசைப்படுகிற பிள்ளை யாராக இருந்தாலும் வெர்னா ஹாஸ்கின்ஸின் அறையைத் தாண்டித்தான் போக வேண்டும். உயிரியல் கட்டடத்தின் அடித்தளத்தில், கொதிகலனுக்குப் பக்கத்து அறை. குளிர்காலத்தில் உள்ளே வேர்க்கும், கோடையில் பூஞ்சை வாடை அடிக்கும். வெர்னா டாக்டரும் இல்லை, பேராசிரியையும் இல்லை. கடிதம் தட்டச்சு செய்ய வந்தவள். பிள்ளைகளுக்கு மருத்துவக் கல்லூரி விண்ணப்பம் போட வழிகாட்டும் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்த வாத்தியார் திடீரென்று மாரடைப்பில் போய்விட, “அடுத்த ஆள் வர்ற வரைக்கும் நீங்க பாத்துக்கோங்க” என்றார்கள். பத்தொன்பது வருஷமாயிற்று, அடுத்த ஆள் வரவே இல்லை.

அவளும் லேசில் விடுகிற ஆள் இல்லை. முதல் சில வருஷங்கள் விண்ணப்பத்தை அச்செடுத்து, அளவுகோலை வரிக்குக் கீழே வைத்து, சத்தம் போட்டுப் படிப்பாள். ஒரு காற்புள்ளி தப்பாது. வேதியியலில் மட்டமாக வாங்கின பிள்ளையை மறுபடி எழுத வைப்பாள். வெள்ளைக் கோட்டுக் கனவோடு வருகிறவர்களை முதலில் முதியோர் இல்லத்துக்கு அனுப்பி, “கிழவங்களுக்குச் சோறு ஊட்டிட்டு வா, அப்புறம் பேசலாம்” என்பாள். நேர்காணலுக்குப் பழக்க, நிலக்கரி லாரி ஓட்டி ஓய்வு பெற்ற தன் புருஷன் ட்வைட்டைக் கூட்டிவந்து நாற்காலியில் உட்கார்த்துவாள். அவர் “எதுக்கு டாக்டராகணும்?” என்று ஒரு கேள்வி கேட்டுவிட்டு, பதில் முடிவதற்குள் தூங்கிவிடுவார். “இவர முழிக்க வைக்கிற மாதிரி பதில் சொல்லு, உனக்கு இடம் நிச்சயம்” என்பாள் வெர்னா.

எல்லாவற்றுக்கும் மேலே அவளுக்கு ஒரு சட்டம் உண்டு. விண்ணப்பத்தில் அடுத்தவர் மேல் பழி போடக் கூடாது. வாத்தியார் சரியில்லை, அறைத்தோழி தூங்க விடவில்லை என்பதெல்லாம் வீட்டில் சொல்லி அழலாம், அங்கே எழுதக் கூடாது. அப்படி அவள் கரையேற்றிய நாற்பத்துமூன்று பேரின் படங்கள் சுவரில் இருந்தன.

நாற்பத்துநான்காவதாக மாட்ட ஒரு படம் வந்திருந்தது. டெலேனி ரட்லிஃப். இரண்டு மலைக்கு அந்தப் பக்கத்துப் பெண். அவள் ஊரில் டாக்டரைப் பார்க்க வேண்டுமென்றால் நாற்பது மைல் வளைந்து வளைந்து போக வேண்டும். அந்த வளைவு ஒன்றில்தான், காரின் பின்சீட்டில், அவள் தம்பி பிறந்தான். தொப்புள்கொடியைக் கட்டின பதினொரு வயதுக்காரி இவள். கட்டினது காலணிக் கயிற்றால். அன்றைக்குப் பிடித்த பிடிவாதம், டாக்டராகியே தீருவது. ஆகஸ்டில் சேர இடமும் கிடைத்துவிட்டது. தேவாலயத்துக் கூடத்தில் விருந்து வைத்தார்கள். பீன்ஸ், சோள ரொட்டி, பெரிய கேக், அதன் மேல் நீல எழுத்தில் ‘டாக்டர் டெலேனி’. பாட்டிமார்கள் வரிசையில் நின்று வலிக்கிற முழங்காலைக் காட்டினார்கள். “இன்னும் படிக்கவே போகலம்மா” என்று அவள் சிரித்தாள்.

ஜூன் மாதம் ஒரு திங்கட்கிழமை, இந்த வருஷத்து விண்ணப்பம் போட வேட் கோம்ப்ஸ் வந்தான். பட்டாளத்தில் இருந்துவிட்டு இருபத்தேழு வயதில் கல்லூரிக்கு வந்தவன். நாற்காலியின் நுனியில் நிமிர்ந்து உட்கார்ந்து கணினித் திரையைப் பார்த்தான்.

“மிஸ் வெர்னா, கல்லூரில எப்பவாவது ஒழுங்கு நடவடிக்கைக்கு ஆளானது உண்டான்னு கேக்குறாங்க. முதல் வருஷம் விடுதில பீர் வெச்சிருந்தேன்னு எனக்கு ஒரு எச்சரிக்கை குடுத்தாங்க. ரெண்டு வருஷம் ஒழுங்கா இருந்ததால அதை அழிச்சிட்டாங்க.”

“அழிச்சாச்சுல்ல? அப்புறம் என்ன? ‘இல்லை’ன்னு போடு.”

“கீழ பொடி எழுத்துல என்னவோ போட்டிருக்கே.”

“அது வழக்கமா இருக்கறதுதான் கண்ணு.”

“பட்டாளத்துல கையெழுத்துப் போடறதுக்கு முன்னால எல்லாத்தையும் படிக்கணும்னு அடிச்சுச் சொல்லிக்குடுத்திருக்காங்க. ஒரு நிமிஷம்.” அவன் குனிந்து படித்தான். “‘அந்தப் பதிவு பின்னர் நீக்கப்பட்டிருந்தாலும், அழிக்கப்பட்டிருந்தாலும், ஆம் என்றே பதில் அளிக்க வேண்டும்.’ அப்படித்தான் மிஸ் வெர்னா இருக்கு.”

வெர்னாவுக்கு முதலில் எதுவும் புரியவில்லை. பிறகு டெலேனியின் நினைப்பு வந்தது. வேட் கோம்ப்ஸை மறுநாள் வரச் சொல்லிவிட்டு, போன வருஷத்து விண்ணப்பக் கோப்பைத் தேடி எடுத்தாள். இந்த வருஷம் புதிதாகச் சேர்த்த வரியாக இருந்துவிடக் கூடாதா என்று புரட்டினாள். அதே இடத்தில் அதே வரி இருந்தது. அதற்கு முந்தின வருஷத்திலும் இருந்தது. அளவுகோல் பேனாக் குவளையில் நின்றுகொண்டிருந்தது. எல்லாம் மனப்பாடம் என்று அவள் அதை எடுத்தே பல வருஷமாகியிருந்தது.

டெலேனிக்கும் ஒரு பதிவு இருந்தது. கல்லூரிக்கு வந்த முதல் மாதம், வீட்டு ஏக்கத்தில் விடுதி அறையில் மெழுகுவத்தி ஏற்றி வைத்தாள். திரைச்சீலையில் பற்றிக்கொண்டது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை, திரை மட்டும் கருகிற்று. ஒரு பருவம் முழுக்க ஒழுங்குக் கண்காணிப்பில் வைத்தார்கள். பிறகு பதிவை அழித்துவிட்டார்கள். போன ஜூனில் இதே நாற்காலியில் உட்கார்ந்து அந்தப் பெண் ஒரு தடவை இல்லை, இரண்டு தடவை கேட்டாள்: “மிஸ் வெர்னா, அந்த மெழுகுவத்தி விஷயத்தை எழுதிடலாமே?” வெர்னாதான் கையை வீசி, “இல்லாத ஒண்ணை எதுக்குடி இழுத்து வெச்சுக்கறே? ‘இல்லை’ன்னு போடு” என்றாள்.

வெர்னா அன்று மத்தியானமே வீட்டுக்குப் போய்விட்டாள். ட்வைட் வாசலில் தக்காளிச் செடிக்குக் குச்சி நட்டுக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “யாருக்குத் தெரியும் இது?” என்றார்.

“எனக்குத் தெரியும்.”

“அதைக் கேக்கல. அவங்களுக்கு எப்பிடித் தெரியப்போகுது? சின்னப்பொண்ணு, நல்லாப் போயிட்டிருக்கா. நீ பாட்டுக்குக் கிளறாத.”

“தீயணைப்பு வண்டி வந்துச்சு ட்வைட். அது எங்கயோ ஒரு ஏட்டுல இருக்கும். மூணாம் வருஷத்துல ஒருத்தன் எடுத்து நீட்டினான்னா? கழுத்தளவு கடன் வாங்கிப் படிச்சிட்டு நடுவுல வெளியில நிப்பா. பொய்க்காரின்னு முத்திரை குத்திருவாங்க. அப்புறம் எந்தக் கதவும் திறக்காது.”

“இப்ப சொன்னா மட்டும் திறக்குமா?”

இப்போது சொன்னால் கையில் இருக்கிற இடம் போகலாம். சொல்லாமல் விட்டால் என்றைக்கோ ஒரு நாள் எல்லாமே போகலாம். இதை அவளே முடிவு செய்யவும் முடியாது. இடம் அந்தப் பெண்ணுடையது.

செவ்வாய்க்கிழமை டெலேனியை வரவழைத்தாள். அவள், தன் படத்துக்குச் சட்டம் போடத்தான் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்து ஆப்பிள் பணியாரம் கொண்டுவந்தாள். வெர்னா தாளை நீட்டி, பொடி எழுத்தைக் காட்டினாள். அந்தப் பெண் இரண்டு தடவை படித்தாள்.

“நான் கேட்டேனே,” என்றாள்.

“கேட்ட.”

“ரெண்டு தடவை கேட்டேன்.”

“ஆமா கண்ணு. தப்பு என்னோடது.”

“கண்ணுன்னு சொல்லாதீங்க.” தாளைத் திருப்பிக் கொடுத்தாள். “எங்கம்மா அந்தக் கேக்கோட மூலைத் துண்டை ஃப்ரீசர்ல வெச்சிருக்கா, மிஸ் வெர்னா. நான் டாக்டராகி வந்ததும் தின்னணும்னு. அவகிட்ட நான் என்னன்னு சொல்றது?”

வெர்னா மேசை மேல் இருந்த முகம் துடைக்கும் தாள் பெட்டியை அவள் பக்கம் நகர்த்தினாள். டெலேனி அதைத் தொடவில்லை.

“இப்ப என்ன செய்யணும்?” என்று கடைசியில் கேட்டாள்.

“நீ சொல்லாம இருக்கணும்னா நான் வாயைத் திறக்க மாட்டேன். அது உன் முடிவு. என்னைக் கேட்டா, அவங்க கண்டுபிடிக்கறதுக்கு முன்னால நாமளே சொல்லிடணும்.”

“போன வருஷமும் உங்களைத்தானே கேட்டேன்,” என்று சொல்லிவிட்டு டெலேனி எழுந்து போனாள். பணியாரம் மேசை மேலேயே இருந்தது.

வெள்ளிக்கிழமை டெலேனி கையில் ஒரு தாளோடு வந்தாள். மருத்துவக் கல்லூரிக்கு எழுதின கடிதம். நடந்ததைப் பத்து வரியில் எழுதியிருந்தாள்: மெழுகுவத்தி ஏற்றினேன், திரை எரிந்தது, கண்டித்தார்கள், கேள்விக்கு நான் தவறான பதில் அளித்தேன், மன்னிக்கவும். வெர்னா தேடித் தேடிப் பார்த்தாள். தன் பெயர் எங்கேயும் இல்லை.

“நான் சொல்லித்தான் போட்டேன்னு எழுதலையே?”

“அடுத்தவங்க மேல பழி போடக்கூடாது. உங்க சட்டம்தான்.”

“சட்டத்தைத் தூக்கி அடுப்புல போடு. இது நிஜமாவே என் தப்பு. என் பேரை எழுது.”

“மாட்டேன். எழுதினா சாக்கு சொல்றா மாதிரி இருக்கும். கேள்வி எங்கிட்டக் கேட்டது. பொடி எழுத்தை நானும் படிக்கல.” அவள் வெர்னாவின் முகத்தைப் பார்க்காமலே சொன்னாள். “உங்க மேல கோவமே இல்லன்னு நினைக்காதீங்க. நிறைய இருக்கு.”

சரி, அவள் எழுதாவிட்டால் போகட்டும், நான் எழுதுகிறேன் என்று வெர்னா உட்கார்ந்தாள். இந்த மாணவி உண்மையைச் சொல்ல இரண்டு முறை முன்வந்தாள், நான்தான் தடுத்தேன் என்று கல்லூரிப் பெயர் அச்சிட்ட தாளில் எழுதி, தன் மேலதிகாரி டீன் ப்ராதரிடம் கொண்டுபோய்க் காட்டினாள். அவர் படித்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

“வெர்னா, இதைக் கல்லூரித் தாள்ல அனுப்ப முடியாது. வக்கீல் என்னைக் கொன்னுடுவார். இத்தனை வருஷத்துல இப்படி எத்தனை பேருக்குச் சொன்னீங்கன்னு கேள்வி வரும்.”

“வரட்டும். நானும் அதையேதான் கேட்டுக்கிட்டிருக்கேன்.”

“அனுப்பினீங்கன்னா இந்த அறையில உங்களை வெச்சிருக்க முடியாது. யோசிச்சுக்கோங்க.”

“யோசிச்சுட்டுத்தான் வந்தேன். கல்லூரித் தாள் வேண்டாம்னா சொல்லுங்க, எங்கிட்ட வெள்ளைத் தாள் இருக்கு.”

வெள்ளைத் தாளில் மறுபடி எழுதி, தானே தபால் நிலையத்துக்கு நடந்துபோய் அனுப்பினாள். சுவரில் இருந்த படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்து, பழைய கோப்புகளை அளவுகோல் வைத்துப் படித்தாள். அவள் பேச்சைக் கேட்டு ‘இல்லை’ என்று போட்ட இன்னொருத்தன் இருந்தான். ஒன்பது வருஷத்துக்கு முன் போனவன், இப்போது லெக்சிங்டன் நகரத்தில் குழந்தை வைத்தியன். அவனையும் தொலைபேசியில் கூப்பிட்டுச் சொன்னாள். அவன் நன்றி என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வைத்துவிட்டான். அவன் என்ன செய்தான் என்று அவளுக்குத் தெரியாது.

ஜூலை கடைசியில் பதில் வந்தது. உண்மையை முன்வந்து சொன்னதைப் பாராட்டினார்கள். இருந்தாலும் இந்த வருஷத்து இடத்தைத் திரும்ப எடுத்துக்கொள்கிறோம், அடுத்த முறை புதிதாக விண்ணப்பிக்கத் தடையில்லை என்று எழுதியிருந்தார்கள். வெர்னாவின் கடிதத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

டெலேனி முதியோர் இல்லத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். வெர்னாவை மாடிக்கு மாற்றினார்கள், தட்டச்சு மேசைக்கே. கீழ் அறைக்கு இளம் பேராசிரியர் ஒருவர் வந்தார். ஊரில் சிலர் வெர்னாவைப் பார்த்தால் தெருவின் அந்தப் பக்கம் போனார்கள். டெலேனியின் அம்மா கடையில் எதிரே வந்தபோது மாவு மூட்டையைப் பார்த்துக்கொண்டே நின்றாள். வெர்னா ஒதுங்கி வழி விட்டாள்.

அடுத்த ஜூனில் ஒரு சனிக்கிழமை மத்தியானம், வெர்னாவின் சமையலறைக் கதவை டெலேனி தட்டினாள். இல்லத்துச் சீருடையிலேயே வந்திருந்தாள். அச்செடுத்த விண்ணப்பத்தை மேசை மேல் வைத்தாள்.

“காலேஜ் கீழ் அறைல புது ஆள் இருக்காரே,” என்றாள் வெர்னா.

“அவருக்கு எல்லாம் மனப்பாடமா இருக்காம். அதான் இங்க வந்தேன்.”

ட்வைட் எழுந்து நாற்காலியை விட்டுக் கொடுத்தார். வெர்னா இழுப்பறையைத் திறந்து, கீழ் அறையிலிருந்து கொண்டுவந்திருந்த அளவுகோலை எடுத்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டாள்.

“முழுசாப் படிங்க,” என்றாள் டெலேனி. “பொடி எழுத்தையும். எனக்கு இன்னும் கோவம் போகல, சொல்லிட்டேன்.”

“போக வேண்டாம். உக்காரு.”

அந்தக் கேள்வி வந்ததும் வெர்னா கடைசிச் சொல்வரை படித்து நிறுத்தினாள். டெலேனி பேனாவை எடுத்து ‘ஆம்’ என்று குறித்தாள்.

“விளக்கம் எழுத இடம் விட்டிருக்காங்க. இந்தத் தடவையாவது என் பேரைப் போடு.”

“போட மாட்டேன்.”

“பிடிவாதக்காரி.”

“உங்களைவிடவா? அடுத்ததைப் படிங்க.”

வெர்னா அளவுகோலை ஒரு வரி கீழே இறக்கினாள். இதற்கு முன் எங்காவது கிடைத்த இடம் திரும்பப் பெறப்பட்டதுண்டா என்று கேட்டிருந்தது. அதையும் கடைசிச் சொல்வரை சத்தம் போட்டுப் படித்தாள், டெலேனி அங்கேயும் ‘ஆம்’ என்று குறித்தாள்.